நூற்று அறுபதாம் பக்கம்

பதிப்பகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. "பதினாறு" என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. யாராவது அதைச் சத்தமாகப் படித்தால் யாரையோ சொல்கிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

காரணம் பெரிய ரகசியமில்லை. புத்தகம் அச்சடிக்கிற தாள் பெரியது. மடித்து வெட்டினால் பதினாறு பக்கம் வரும். அதற்கு ஃபாரம் என்று பெயர். நூற்று அறுபது பக்கம் என்றால் பத்து ஃபாரம், கச்சிதம். நூற்று அறுபத்தொன்று ஆகிவிட்டதோ, போச்சு. அந்த ஒற்றைப் பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட வேண்டும். மிச்சம் பதினைந்து பக்கமும் வெள்ளை வெளேரென்று பல்லை இளிக்கும். அதைப் பார்த்தால் முதலாளிக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். அப்படி ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் இவருடைய உத்தியோகம். கணினியில் பக்கம் அமைப்பவர். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மயிரிழை இடத்தைக் குறைப்பார், பத்தியின் கடைசியில் தொங்குகிற ஒற்றைச் சொல்லை மேல் வரிக்கு இழுத்துக்கொள்வார். இழுத்த தடம் தெரியாது. பத்தொன்பது வருடத்தில் இவர் கையில் ஒரு புத்தகமும் வழிந்ததில்லை. "பதினாறும் பெற்ற மகராசன்" என்று கேலி செய்வார்கள். பெற்றது என்னவோ ஒன்றே ஒன்று, ஒரு பெண்.

பதிப்பகம் போடுவது பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்கள். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரும். எல்லாவற்றையும் வரி வரியாகத் தடவித் தடவி வைத்ததில் அவருக்கு ஒரு கணக்கு பிடிபட்டிருந்தது. மூன்றாவது ஃபாரத்தில் வீட்டில் ஒரு சாவு விழும். பெரும்பாலும் அம்மா, சில சமயம் அண்ணன். நான்காவதில் ஒரு பையன் சைக்கிளில் வருவான். அவன் கண்ணில் சோகம் இருக்கும், தலைமுடி மட்டும் கலையவே கலையாது. ஆறாவதில் அப்பாவும் பெண்ணும் கத்திக்கொள்வார்கள். எட்டாவதில் மழை. அந்த மழையில் பெண் வாய்விட்டு அழுவாள், அப்பா ஓடிவந்து கட்டிக்கொள்வார். பத்தாவதில் எல்லோரும் தேறிவிடுவார்கள்.

"அந்தப் பையனுக்கு வீடு வாசல் கிடையாதா? எந்நேரமும் அவ ஜன்னலுக்குக் கீழேயே நிக்கறானே" என்பாள் அவர் மனைவி. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்கு முன்னால் இவர் கண்ணாடி போடப் போனபோது, எழுத்துப் பலகையைக் காட்டி "கடைசி வரி படிங்க" என்று சொன்னவள் அவள்தான். இவர் படித்தார். மறுவாரம் ஃபிரேம் இறுக்குகிறது என்று போனார். அதற்கு மறுவாரம் தளர்கிறது என்று போனார். மூன்றாவது வாரம், "கண்ணாடியில கோளாறு ஒண்ணும் இல்ல, உங்களுக்கு என்ன கோளாறுன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டாள். மழையும் இல்லை, சைக்கிளும் இல்லை. காரியம் ஆகிவிட்டது.

அச்சாகி வரும் புத்தகத்தில் ஒரு பிரதி வீட்டுக்கு வரும். மகள் ஒன்பது வயதிலிருந்து எல்லாவற்றையும் படித்துவிட்டாள். ஃபாரம் கணக்கும் அவளுக்கு அத்துப்படி. வீட்டில் சண்டை மூண்டால் நடுவில் புகுந்து, "இப்ப எத்தனாவது ஃபாரம் ஓடுது?" என்று கேட்பாள். மூன்று பேரும் சிரித்துவிடுவார்கள். பக்கத்தைப் பார்க்கவும் அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தாள். எங்கே இழுத்திருக்கிறது, எங்கே தளர்த்தியிருக்கிறது என்று அவள் கண்ணுக்குத் தெரியும். உலகத்தில் பத்துப் பேருக்குக்கூடத் தேவைப்படாத ஒரு அறிவு.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றவில்லை. சமையலறையில் அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அப்படியே சரிந்தாள். அம்மாவுக்கு அன்று கடை விடுமுறை. மகள் அப்பாவுக்கு மூன்று முறை போன் செய்தாள். நாலு பன்னிரண்டு, நாலு பதினான்கு, நாலு பத்தொன்பது. அவர் எடுக்கவில்லை. பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தேகால். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அவர் கேட்டார். "சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அந்த இரண்டு சொற்களைத்தான் அன்று முதல் அவர் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"போன் பையில இருந்துச்சு, கேக்கல" என்று எல்லோரிடமும் சொன்னார். மகளிடமும் சொன்னார். அவள் சரி என்றாள்.

அவள் அழவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடம் போனாள், துணி மடித்தாள், கணக்குப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். பேசவே இல்லை என்றும் சொல்ல முடியாது. "சாவி எங்க?" என்பாள், "பால் தீந்துருச்சு" என்பாள். இவர் எட்டாவது ஃபாரத்துக்காகக் காத்திருந்தார். மழைக்காலமும் வந்து போயிற்று. துணி காயவில்லை, வேறு ஒன்றும் நடக்கவில்லை.

தானாக வராவிட்டால் நாமே ஆரம்பித்து வைப்போம் என்று ஒருநாள் காலையில் துணிந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டே, "அழுதுடும்மா. அழுறது தோத்துப்போறது இல்ல. உள்ள தேங்கி நிக்கிற தண்ணிதான் வீட்டை இடிக்கும்" என்றார்.

மகள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள். "அது நீல அட்டைப் புத்தகம்ப்பா. நூத்திப் பன்னெண்டாம் பக்கம். அதுல அந்த அப்பா மொட்டை மாடியில நின்னு சொல்லுவாரு."

"இல்லம்மா, நான் என் மனசுல பட்டதைத்தான்..."

"போன வாரம் சொன்னது மஞ்சள் அட்டை. 'நீ உங்கம்மாவோட மிச்சம் இல்ல, தொடக்கம்'னு சொன்னீங்களே, அது." டப்பாவைப் பையில் போட்டாள். "அந்தப் புத்தகத்துல எல்லாம் யாராவது செத்தப்புறம் பாத்திரம் யார் கழுவறாங்கன்னு வரவே வராது, கவனிச்சிருக்கீங்களா? சோப்பு தீந்துருச்சு, வாங்கணும்."

மனுஷர் என்ன செய்வார், பாவம். துக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் என்ன பேசுவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் அடுக்கி வைத்த வரிகள்தான். அவளுக்கும் அவையெல்லாம் மனப்பாடம் என்பது மறந்துபோயிற்று.

அந்த வாரமே பெரியம்மா வந்தார். மனைவியின் அக்கா, வேறு ஊரில் பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தர். சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. காப்பித் தம்ளரைக் கீழே வைக்கும் முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"தம்பி, நான் குத்தம் சொல்ல வரல. நீங்க காலையில போனா சாயங்காலம்தான் வர்றீங்க. புள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தச் சமையலறையிலதான் தனியா நிக்குது. தினமும். ரெண்டு வருஷம் எங்கூட இருந்து படிக்கட்டும்."

"அவ என்ன சொல்றாளோ அதுதான் அக்கா" என்றார் அவர். மாட்டேன் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தார்.

"ஞாயித்துக்கிழமை சொல்றேன் பெரியம்மா" என்றாள் மகள்.

செவ்வாய்க்கிழமை அது. மனைவி போனபின் அந்த வீட்டில் அவர் திரும்பி வருவதற்குக் காரணமே "பால் தீந்துருச்சு" என்கிற அந்தக் குரல்தான். அதுவும் போய்விட்டால் வீட்டுக்கும் பஸ் நிலையத்துக்கும் என்ன வித்தியாசம்? அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், நாவல்களில் பெண்கள் எதனால் வீட்டைவிட்டுப் போகாமல் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாதிக்கு மேல் ஒரே வழிதான். இறந்துபோன அம்மா எழுதிவைத்த கடிதம் ஒன்று அலமாரிக்குப் பின்னாலிருந்து கிடைக்கும்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நடந்தது நடந்ததுதான். புதிய பக்கம் ஒன்றைத் திறந்து, "அன்புள்ள மகளே" என்று தட்டினார். தட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி வாழ்நாளில் மகளை "அன்புள்ள" என்று கூப்பிட்டதில்லை. "அடியே" என்பாள். கோபம் வந்தால் "அப்பன் மகளே" என்பாள். காகிதத்தில் அவள் எழுதியது மளிகைச் சாமான் பட்டியல் மட்டும்தான். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அழித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினார்.

சனிக்கிழமை மத்தியானம் மகள் தன் அறையில் புத்தக அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். தரை முழுக்க அட்டைகள். முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது என்று வாசற்படியிலேயே நின்றார்.

"அப்பா, இங்க வாங்க. இதைப் பாருங்க."

கையில் பச்சை அட்டைப் புத்தகம். அது எந்தப் புத்தகம் என்று அவருக்குத் தெரியும். அந்தப் புத்தகம் அச்சாகி வந்த மாதம்தான் வீட்டில் யாரும் எதையும் படிக்கிற நிலையில் இல்லாத மாதம். அது பிரிக்கப்படாமலே அலமாரியில் ஏறியிருந்தது.

"நேத்துதான் படிச்சேன். இதுல மட்டும் அம்மா சாகல. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துடறாங்க." கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். "இந்தப் பக்கம் ஏன் இப்படி இருக்கு? எண்ணிட்டேன். மத்த பக்கமெல்லாம் முப்பது வரி. இதுல முப்பத்திரெண்டு. உங்க பக்கம் இப்படி இருக்காதே. நீங்கன்னா பத்துப் பக்கத்துக்கு முன்னாலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா இழுத்திருப்பீங்க. இது என்னமோ கால வச்சு மிதிச்சு அடைச்ச மாதிரி இருக்கு."

எழுத்தாளர் கடைசி நேரத்தில் திருத்தம் கொடுத்தார் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் நம்பியும் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒருவேளை "நான் போகல பெரியம்மா" என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

அவர் தரையில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வரி வெளிய போயிருச்சு. மிஷின் அஞ்சு மணிக்கு ஓடணும். பொறுமையா இழுக்க நேரமில்ல. கடைசிப் பக்கத்திலேயே போட்டு அமுக்கினேன்."

"எப்ப?"

"புதன்கிழமை. நாலேகால் இருக்கும்."

மகள் புத்தகத்தை மூடவில்லை. விரல் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. "போன் பையில இருந்துச்சுன்னு சொன்னீங்க."

"மேஜைமேல இருந்துச்சும்மா. உன் பேரு வந்துச்சு. பாத்தேன். கவுத்து வச்சேன்."

"மூணு தடவையுமா?"

"மொத தடவை பாத்துதான் கவுத்தேன். அப்புறம் வந்தது தெரியல."

மகள் திறந்த பக்கத்தோடு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் எதுக்குக் கூப்பிடறேன்னு நெனச்சீங்க?"

"வர்றப்ப நோட்டு வாங்கிட்டு வரச் சொல்லப் போறேன்னு நெனச்சேன்."

அவள் குனிந்து அந்தக் கடைசி இரண்டு வரிகளை வாய்விட்டுப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கிற குரல். "'அம்மா கதவைத் திறந்தாள். நான் எதுவும் சொல்வதற்குள், வந்துட்டியா என்று கேட்டாள்.'" படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இதுக்கா?"

"இதுக்குத்தான்" என்றார் அவர்.

மன்னித்துவிடு என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் அது எந்த அட்டை, எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று கேட்கவில்லை. அவள் கத்துவாள், புத்தகத்தை முகத்தில் விட்டெறிவாள் என்று பார்த்தார். எறிந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, "முட்டை இருக்கு, உங்களுக்கும் போடவா?" என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்றார். ஆனாலும் அவருக்கும் ஒரு தட்டு வைத்திருந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்ததும் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "நான் வர்றேன் பெரியம்மா" என்றாள். பெரியம்மாவுக்கே கொஞ்சம் திக்கென்றது. இவர் முகத்தைப் பார்த்து, "தம்பி, லீவுக்கு அனுப்பி வைப்பேன்" என்றார். மகள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ஒருமுறை கையை அசைத்தாள். அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால் புத்தகமெல்லாம் அலமாரியில் இருந்தது. பச்சை அட்டை மட்டும் இல்லை.

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று எழுதுகிறவர்களை ஒருநாள் அந்த வீட்டில் தனியாக உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு ஒன்றும் இறங்கவில்லை. திங்கள்கிழமை பால் தீர்ந்துபோயிருந்தது, அதைச் சொல்ல ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு தட்டு எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தார். தன் கையாலேயே பிள்ளையைத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்தார். பெரியம்மாவிடம் மட்டும் தினமும் காலையில் பேசினார். "சாப்பிடறா, படிக்கிறா" என்று பதில் வரும். மகளிடம் கொடுங்கள் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

மறு புதன்கிழமை அலுவலகத்தில் ஒரே அமளி. புத்தகம் ஐந்து மணிக்கு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். நூற்று அறுபது பக்கம், பத்து ஃபாரம். கடைசி நிமிடத்தில் எழுத்தாளர் ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டார். எட்டாவது ஃபாரத்து மழையை அவருக்கு இன்னும் கொஞ்சம் பெய்ய வைக்க வேண்டுமாம். இவர் இழுத்துக்கொண்டே வந்தார். எல்லாம் உள்ளே வந்துவிட்டது, இரண்டு வரியைத் தவிர. அவை நூற்று அறுபத்தொன்றாம் பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டன. முதலாளி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டினார்.

மேஜைமேல் போன் அதிர்ந்தது. மகள் பெயர். மணி நாலு பன்னிரண்டு.

முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார். "சொல்லும்மா."



"ஒண்ணுமில்ல" என்றாள். "எடுக்கறீங்களான்னு பாத்தேன்."

"எடுத்துட்டேன்."

"ம். வேலையப் பாருங்க. வச்சிடறேன்."

"வேலை கெடக்குது. பேசு."

"என்ன பேச?"

அவருக்குத் தெரிந்த வரி ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. நூற்றுக்கணக்கான புத்தகங்களும் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டன. "நோட்டு ஏதாவது வாங்கணுமாம்மா?" என்று கேட்டார்.

அவள் சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். சிரிப்பில் தொடங்கிய மாதிரிதான் இருந்தது. பிறகு அது சிரிப்பு இல்லை. எட்டு மாதமாக வராதது ஒட்டுமொத்தமாக வந்தது. வார்த்தை இல்லை, வெறும் அழுகை. நடுவில் ஒரே ஒரு தடவை, "நான் மூணு தடவை கூப்பிட்டேன்ப்பா" என்றாள். "ஆமாம்மா" என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. முதலாளி கண்ணாடியைத் தட்டினார். அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே நல்ல வெயில்.

ஐந்தே முக்காலுக்கு அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "கோடு போட்ட நோட்டு ரெண்டு வேணும், லீவுக்கு வர்றப்ப எடுத்துக்கறேன்" என்றாள். இங்கே கடையே இல்லையா என்று பின்னால் பெரியம்மா கேட்பது கேட்டது.

பொறுக்க முடியாமல் ஐந்து மணிக்கே யாரோ அந்தக் கணினிக் கோப்பை இருந்தபடியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். புத்தகம் நூற்று எழுபத்தாறு பக்கமாக வந்தது. நூற்று அறுபத்தொன்றாம் பக்கத்தில் இரண்டு வரி, அதற்குப் பின்னால் பதினைந்து பக்கம் வெறும் தாள். முதலாளி அதைக் கொண்டுவந்து மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

"பத்தொன்பது வருஷத்துல இப்படி ஒண்ணு நடந்துச்சாய்யா? என்ன ஆச்சு உனக்கு?"

"போன் வந்துச்சு சார்" என்றார் அவர். "எடுத்தேன்."